தொடாமலே எழுதப்பட்ட ‘இயல்பு’: மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் தலித் பெண்களின் உரிமையும்

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று தமிழுலகம் அறிந்த திருவாதவூர், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கிறது. பெரியாறு கால்வாய் நீர் பாயும் நெல்வயல்களும் கருங்கல் குவாரிகள் விட்டுச்சென்ற பள்ளங்களும் சூழ்ந்த பகுதி இது. இவ்வயல்களில் நாற்று நடுபவர்களிலும் களை பறிப்பவர்களிலும் கணிசமானோர் சேரிப் பெண்கள். வீட்டுமனைப் பட்டா தொடர்பான சட்ட உதவி முகாமுக்காக இப்பகுதியில் உள்ள ஒரு குடியிருப்புக்கு நாங்கள் சென்றிருந்தோம். மனுக்களை எழுதி முடித்த மாலையில், ஐம்பதை நெருங்கும் வயதுடைய ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, எங்களுடன் வந்திருந்த பெண் வழக்கறிஞரை மட்டும் தனியே அழைத்து ஒரு மருத்துவமனைக் கோப்பைக் காட்டினார். அதில் மார்பகப் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. மூன்றாம் நிலை.

“என்னத்த தாயி, வலிச்சாத்தான ஆஸ்பத்திரிக்குப் போவோம்? இது வலிக்கவே இல்லயே” என்றார்.

அவருடைய விருப்பப்படி பெயரையும் அடையாளங்களையும் தவிர்க்கிறோம். அவர் சொன்னவற்றின் வரிசை மட்டும் முக்கியம். கட்டியை அவர் முதலில் உணர்ந்தது குளிக்கும்போது, நெல்லிக்காய் அளவு. அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தார். பின்னர் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். கட்டி பெரிதான பிறகே மருத்துவரிடம் சென்றார். முதலில் மருத்துவரிடம் காட்டிய நாளுக்கும் திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த நாளுக்கும் இடையே 97 நாட்கள். அதற்குள் ஆறு பயணங்கள்.

எங்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. இவையெல்லாம் நிகழ்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அவருக்கு மார்பகப் பரிசோதனை செய்யப்பட்டதாகவும் முடிவு ‘இயல்பு’ என்றும் பதிவாகியிருந்தது. அன்று என்ன நடந்தது என்று கேட்டோம். வீட்டு வாசலில் நிறுத்தி, கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், பிறகு, கொழுந்தனும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, “நெஞ்சுல கட்டி கிட்டி ஏதும் இருக்காம்மா?” என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

தொட்டுப் பார்க்க வேண்டிய பரிசோதனை, தொடாமலே முடிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணின் துயரத்தைப் பற்றியது மட்டுமன்று. அந்த ஒற்றைச் சொல் பதிவை உண்டாக்கும் ஏற்பாட்டைப் பற்றியது. மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதில் தலித் பெண்கள் கேட்க வேண்டியது, இன்னும் எத்தனை பேருக்குப் பரிசோதனை என்ற எண்ணிக்கையை அல்ல. கட்டியை உணர்ந்த பெண் நோய் உறுதியாகும் வரை எத்தனை நாட்கள் காத்திருக்கிறாள் என்ற கணக்கை. அந்தக் கணக்கை வைத்திருப்பது அரசின் சட்டக் கடமை என்பதே எங்கள் வாதம்.

முன்பரிசோதனை வேறு, நோயறிதல் வேறு

பொதுப்பேச்சில் ‘கேன்சர் டெஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு செயல்கள் கலந்துவிடுகின்றன. அறிகுறி ஏதும் இல்லாத பெரும் எண்ணிக்கையிலான பெண்களைப் பரிசோதித்து, யாரை மேலும் ஆராய வேண்டும் என்று பிரித்தெடுப்பது முன்பரிசோதனை. பிரித்தெடுக்கப்பட்டவருக்கோ, தானே கட்டியை உணர்ந்து வந்தவருக்கோ அது புற்றுநோய்தானா என்று உறுதிசெய்வது நோயறிதல். முன்னது சல்லடை, பின்னது தீர்ப்பு. சல்லடையில் தங்கியது எல்லாம் நோயும் அன்று. சல்லடை வழியே போனது எல்லாம் நலமும் அன்று.

நோயறிதலுக்கு மருத்துவம் வகுத்திருக்கும் வழி மும்முறை மதிப்பீடு எனப்படும். மருத்துவர் கையால் பரிசோதிப்பது முதலாவது. மேமோகிராம் எனும் ஊடுகதிர்ப் படமோ அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ எடுத்துப் பார்ப்பது இரண்டாவது. ஊசி வழியே கட்டியிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் முடிவு உறுதி. புற்றுநோய் என உறுதியானபின் அதே திசுவில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். எந்த மருந்து பலிக்கும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. இவற்றுள் எந்த ஒரு படி நின்றுபோனாலும் சிகிச்சை தொடங்காது.

முன்பரிசோதனைக்கு மூன்று கருவிகள் பேசப்படுகின்றன. முதலாவது, பெண் தன் மார்பகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் சுயபரிசோதனை. சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,064 பஞ்சாலைப் பெண் தொழிலாளர்களிடையே நடந்த பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2002-இல் வெளியானது. சுயபரிசோதனை கற்பிக்கப்பட்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகளே கூடின. தன் உடலை அறிந்திருப்பது எந்தப் பெண்ணுக்கும் நல்லது. ஆனால், “நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு அரசு தன் கடமையை முடித்துக்கொள்ள முடியாது என்பதற்கு அந்த ஆலைத் தொழிலாளர்களே சான்று.

இரண்டாவது மேமோகிராம். வளர்ந்த நாடுகளில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இது முறையாக எடுக்கப்படுகிறது. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. அதில் கட்டி எளிதில் மறைந்துகொள்ளும். இந்தியப் பெண்களுக்கோ மேலை நாட்டினரைவிட ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னதாகவே இந்நோய் வருகிறது. கருவி, அதை இயக்குபவர், படத்தைப் படிக்கத் தெரிந்த மருத்துவர் ஆகிய மூவரும் ஓரிடத்தில் வேண்டும் என்பதால், எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்பதை இந்திய அரசு கொள்கையாக ஏற்கவில்லை. கட்டி உள்ளவரை ஆராய்வதற்கு அது இன்றியமையாதது. ஊர் முழுவதையும் சலிப்பதற்கான கருவியாக இங்கு அது இல்லை.

மூன்றாவது, பயிற்சி பெற்றவர் கையால் தொட்டுப் பார்க்கும் மார்பகப் பரிசோதனை. ஒன்றிய அரசு 2016-இல் வெளியிட்ட செயல்பாட்டு நெறிமுறை, 30 முதல் 65 வயதுவரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்கிறது. ஐயத்துக்குரியவர்களை மேல் மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேன், மேமோகிராம், திசுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அதன் அடுத்த படி. எனவே சேரிப் பெண்ணுக்கு அரசு வாக்களித்திருக்கும் கருவி ஒரு கை. அந்தக் கை உண்மையில் தொட்டதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கை என்ன செய்யும்?

கையால் பார்ப்பது ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று நினைக்க வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில் அந்நகரத்தின் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயதுவரையிலான 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்புவரை படித்து, அதற்கெனப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் நடந்தன. இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட குழுவில் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் மரணம் குறைந்ததாக நிறுவ முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-இல் தொடங்கி நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. முதற்சுற்றில் 50,366 பெண்கள் கையால் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 2,880 பேருக்கு மேலாய்வு தேவை என்று சொல்லப்பட்டது. அந்த 2,880 பேரில் புற்றுநோய் கண்டறியப்பட்டது 30 பேருக்கு. அதாவது, ‘மேலே போய்ப் பாருங்கள்’ என்று சொல்லப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே நோய். மேலும் முக்கியமானது, நோய் இருந்தவர்களில் இப்பரிசோதனை அடையாளம் கண்டது ஏறத்தாழ 52 விழுக்காட்டினரை மட்டுமே. முறையான பயிற்சியோடும் கண்காணிப்போடும் தொட்டுப் பார்த்தபோதே பாதிப்பேர் தவறிப்போயினர். அப்படியிருந்தும், பரிசோதனை நடந்த பகுதிகளில் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட புற்றுநோயின் வீதம் பிற பகுதிகளைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

இந்த எண்களிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, ‘இயல்பு’ என்ற பதிவு ஒருபோதும் நற்சான்றிதழ் ஆகாது. “இப்போது தெரியவில்லை; மாற்றம் கண்டால் உடனே வா; வந்தால் உனக்கு முன்னுரிமை” என்பதே அதன் பொருளாக இருக்க வேண்டும். தொடாமலே எழுதப்பட்ட ‘இயல்பு’ இன்னும் ஆபத்தானது. பின்னாளில் கட்டியை உணரும் பெண், “அன்றைக்குப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்களே” என்று தன் உடலின் எச்சரிக்கையையே ஐயப்படுகிறாள். நாங்கள் சந்தித்த பெண் அப்படித்தான் ஐயப்பட்டார். இரண்டு, மேலே அனுப்பப்படும் நூறு பேரும் விரைவில் ஓர் ஊசிப் பரிசோதனையை எட்ட முடியாவிட்டால், 99 பேர் வீண் அச்சத்தோடும் ஒருவர் வளரும் நோயோடும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்பரிசோதனையின் பயன் முழுவதும் அதற்குப் பின்னால் இருக்கும் நோயறிதலின் வேகத்தைப் பொறுத்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி இதைத்தான் மூன்று இலக்குகளாகச் சொல்கிறது. நோயாளிகளில் 60 விழுக்காட்டினராவது முதல் அல்லது இரண்டாம் நிலையில் கண்டறியப்பட வேண்டும். மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும். 80 விழுக்காட்டினராவது சிகிச்சையை முழுமையாகப் பெற வேண்டும். வளம் மிக்க நாடுகளில் இந்நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். இந்தியாவில் அது 66 விழுக்காடு என்கிறது அதே நிறுவனம். 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாக 1,92,020 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது; 98,337 பேர் இறந்தனர். அறுபது நாட்கள் என்ற அளவுகோலின் முன் திருவாதவூர்ப் பகுதிப் பெண்ணின் 97 நாட்களை வைத்துப் பாருங்கள். அதுவும் மருத்துவரைக் கண்ட பிறகான கணக்கு.

ஆறு பயணங்களின் விலை

அந்த ஆறு பயணங்களும் ஏன்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியது ஒன்று. பெரிய மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பிரிவில் காட்டியது ஒன்று. ஸ்கேன் எடுக்கத் தேதி வாங்கி, அந்தத் தேதியில் சென்றது ஒன்று. ஊசி போட்டுத் திசு எடுக்க ஒன்று. அறிக்கை வாங்கச் சென்று, “இன்னும் வரவில்லை” என்று திரும்பியது ஒன்று. அறிக்கையைப் பெற்றது ஒன்று. யாரும் அவரை விரட்டவில்லை. யாரும் இழிசொல் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மற்றொரு நாள் வரச் சொன்னார்கள். அவ்வளவே.

நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 முதல் கிடைத்திருக்கும் உண்மையான பேருதவி. ஆனால் கூலி இழப்புக்கு இலவசச் சீட்டு இல்லை. 2025–26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத்திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஆறு நாட்களுக்கு 2,016 ரூபாய். துணைக்கு வரும் மகளின் கூலியையும் சேர்த்தால் 4,032 ரூபாய். இது நோய் இன்னதென்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் ஆன விலை. சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. என்றாலும் காத்திருப்பில் கரையும் கூலியை எந்தக் காப்பீட்டு அட்டையும் ஈடுசெய்வதில்லை.

தமிழகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகிவிடும். 2012 முதல் மாநிலம் முழுவதும் தொற்றா நோய்களுக்கான பரிசோதனைத் திட்டம் விரிந்தது. அதில் மார்பகமும் கருப்பைவாயும் சேர்க்கப்பட்டிருந்தன. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வீட்டு வாசலுக்கே வந்தது. 2023-இல் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் சமூக அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோடித் திட்டமாக வந்தது. அதை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்குவதாக அரசு அறிவித்தது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் எப்போதேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 0.9 விழுக்காடு, தமிழகத்தில் 5.6 விழுக்காடு. நாட்டின் சராசரியைவிட ஆறு மடங்கு. ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பெண்களை எந்தக் கையும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது.

வாசலில் கேள்வி கேட்டுவிட்டுச் சென்ற சுகாதாரப் பணியாளரைக் குற்றவாளியாக்குவதும் எங்கள் நோக்கமன்று. அவரும் பெரும்பாலும் குறைந்த ஊதியத்தில் பணிபுரியும் ஒரு கிராமத்துப் பெண்தான். அவரே தலித்தாகவும் இருக்கலாம். ஒரு நாளில் முடிக்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கை அவருக்கு மேலிருந்து வருகிறது. ரத்த அழுத்தத்தை வாசலில் பார்க்கலாம். மார்பகத்தைப் பார்க்க ஓர் அறை வேண்டும், கதவு வேண்டும். குடியிருப்பின் தொகுப்பு வீடுகளில் பல ஒற்றை அறை வீடுகள். அந்த ஒற்றை அறையில் ஆண்களும் முதியோரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஊருக்குள் தனியறைகள் கொண்ட வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் மறைவு, சேரிப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. திட்டத்தின் வடிவத்தில் சாதி எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் நிலமும் வீடும் சாதிவழி பகிரப்பட்ட ஒரு சமூகத்தில், கதவுள்ள அறையைக் கோரும் பரிசோதனையை வாசலில் நடத்தினால், அதன் பலன் சாதிவழியே பிரியும்.

‘ஒன்றுமில்லாததே உங்கள் வழக்கம்’

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. அது நம் அண்டை மாவட்டத்தையும் தொட்டுச் செல்கிறது. மும்பை ஆய்வில் மார்பகத்தோடு கருப்பைவாய்ப் புற்றுநோயும் ஆராயப்பட்டது. ஒரு பாதிப் பெண்களுக்குப் பரிசோதனை. மறுபாதிப் பெண்களுக்கு விழிப்புணர்வு மட்டும். மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நமது திண்டுக்கல் மாவட்டத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இதே அமைப்பிலான ஆய்வுகள் நடந்தன. திண்டுக்கல் ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் மரணம் 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் முடிவு வெளியானது. எளிய, மலிவான முறையாலும் உயிர்களைக் காக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு அது.

ஆனால் பரிசோதனை அளிக்கப்படாத பக்கத்தில் இருந்த பெண்கள்? இம்மூன்று ஆய்வுகளிலும் 1,38,624 பெண்களுக்கு எந்தப் பரிசோதனையும் அளிக்கப்படவில்லை என்றும், அவர்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர் என்றும் அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014-இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். பரிசோதனை உயிர் காக்கும் என்று முன்பே அறிந்திருந்தும் இப்பெண்களை ஏன் அப்படியே விட்டார்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. ஆய்வாளர்கள் சொன்ன விடை: இந்தியாவில் அப்போது முறையான முன்பரிசோதனைத் திட்டமே இல்லை, எனவே பரிசோதனை இல்லாமல் இருப்பதே இங்குள்ள வழக்கமான பராமரிப்பு, அதனோடுதான் ஒப்பிட முடியும்.

அறிவியல் நோக்கில் இந்த விடைக்கு ஆதரவும் எதிர்ப்பும் இருக்கின்றன. வழக்கறிஞர்களாக எங்களை நிறுத்தும் இடம் வேறு. ஒரு மக்கள் திரளுக்கு நீண்டகாலமாக எதுவும் கொடுக்காமல் இருந்தால், கொடுக்காமல் இருப்பதே அவர்களுக்கான ‘தரம்’ ஆகிவிடுகிறது. மறுப்பே வழக்கமாகி, வழக்கமே நியாயமாகிறது. தீண்டாமை இந்நாட்டில் இயங்கிய முறையும் இதுவே. கிணறு மறுக்கப்பட்டவர்களிடம், “நீங்கள் இந்தக் கிணற்றில் எடுப்பது வழக்கமில்லையே” என்றார்கள். அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட பெண்களின் சாதி என்ன என்பதைப் பற்றி நாங்கள் எந்த முடிவும் சொல்லவில்லை. அவர்கள் ஏழைகள், குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் வாழ்ந்தவர்கள். அது போதும். அன்று பரிசோதனை இல்லாததே வழக்கம் என்றார்கள். இன்று தொடாத பரிசோதனையும் 97 நாள் காத்திருப்பும் வழக்கமாகிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது?

மேற்கு வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அவர் உறுப்பினராக இருந்த விவசாயத் தொழிலாளர் அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி எதிர் மேற்கு வங்க அரசு என்ற அவ்வழக்கில், 1996-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: உரிய நேரத்தில் மருத்துவம் அளிக்கத் தவறுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்பதைச் சொல்லி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது. அது விபத்துச் சிகிச்சை பற்றிய வழக்கு என்பது மெய். எனினும் அதன் உள்ளீடு ‘உரிய நேரம்’ என்ற கருத்து. புற்றுநோய்க்கு உரிய நேரம் என்பது நிமிடங்களில் இல்லை, வாரங்களில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் திசு அறிக்கையும் திருப்பி அனுப்பப்பட்டதன் மற்றொரு வடிவமே.

அடுத்தது சமத்துவம். 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைத் தண்டிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழைவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. இச்சட்டங்கள் வாசற்படியில் மறிக்கும் மனிதரைப் பிடிக்கும். வாசல் திறந்திருக்க, உள்ளே வரிசை நகராமல் இருப்பதைப் பிடிக்காது. இங்கே தடுத்தவர் என்று விரல் நீட்ட ஒருவரும் இல்லை.

அத்தகைய பாகுபாட்டை நீதிமன்றத்தில் நிறுவ ஒரே வழி எண்கள். ஊர்ப் பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை நாட்கள், சேரிப் பெண்ணுக்கு எத்தனை நாட்கள்? எந்த நிலையில் யாருக்கு நோய் கண்டறியப்படுகிறது? மேலே அனுப்பப்பட்ட எத்தனை பேர் போய்ச் சேரவே இல்லை? சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1980-களின் தொடக்கம் முதல் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு இயங்கிவருகிறது. இந்தியாவில் புற்றுநோயை எண்ணும் கலையில் முன்னோடியான மாநிலம் நம்முடையது. நாட்டின் பதிவேட்டு அறிக்கைகள் வயது, பால், பகுதி, உறுப்பு என்று நோயைப் பிரித்துக் காட்டுகின்றன. சாதிவாரியாகக் காட்டுவதில்லை. மாநில மக்கள்தொகையில் 20.01 விழுக்காட்டினரான பட்டியல் சாதியினருக்கு இந்நோய் எப்போது கண்டறியப்படுகிறது என்று சொல்லும் எண் பொதுவெளியில் இல்லை. எண் இல்லாதவரை பாகுபாடும் இல்லை என்று அரசு வழக்கறிஞர் வாதிடலாம். கணக்கெடுக்காமல் இருப்பதே கவசமாகிறது.

நோயாளியின் சாதியைக் கேட்பது புதிய பாகுபாட்டுக்கு வழிவகுக்காதா என்ற அச்சம் நியாயமானது. எங்கள் தோழர்கள் சிலரும் இதைக் கேட்டார்கள். பதில் எளிது. சாதி விவரம் மருத்துவரின் மேசையில் இருக்கத் தேவையில்லை. நோயாளியின் ஒப்புதலோடு பதிவேட்டில் இருந்து, பெயர் நீக்கிய தொகுப்பு எண்ணாக வெளிவந்தால் போதும்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவதாக, ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று பதிய, தொட்டுப் பார்த்ததற்கான உறுதிமொழி வேண்டும். யார் பார்த்தார், எந்த இடத்தில் பார்த்தார் என்று எழுதப்பட வேண்டும். வாய்மொழிக் கேள்வி மட்டும் நடந்திருந்தால் ‘கேட்கப்பட்டது’ என்றே பதிய வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இரண்டாவதாக, குடியிருப்பிலேயே மாதம் ஒரு நாளேனும் கதவுள்ள ஓர் அறையில், பெண் பணியாளர் ஒருவரால் பரிசோதனை நடக்க வேண்டும். அங்கன்வாடிக் கட்டடமோ துணை சுகாதார நிலையமோ போதும். இடம் ஊருக்குள் இருந்தால், சேரிப் பெண்கள் தடையின்றி வந்துபோகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, கட்டியோடு வரும் பெண்ணுக்கு ஒருநாள் நோயறிதல். கைப்பரிசோதனை, ஸ்கேன், ஊசித் திசு எடுப்பு ஆகிய மூன்றும் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரே கூரையின்கீழ் முடிய வேண்டும். ஆறு பயணங்களை இரண்டாகக் குறைக்கலாம். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும் பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் சிகிச்சை மையமும் இருக்கின்றன. தென்மாவட்டங்களின் சுமையைத் தாங்கும் அவ்விடங்களுக்கு வேண்டியது கூடுதல் நோய்க்குறியியல் வல்லுநர்களும் ஆய்வகப் பணியாளர்களும். திசு அறிக்கையின் வேகம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நான்காவதாக, இழந்த கூலிக்கு ஈடு. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென மாதந்தோறும் வங்கிக் கணக்கில் பணம் செலுத்த முடிகிற அரசால், புற்றுநோய் ஐயத்தோடு அலையும் கூலிப் பெண்ணுக்கும் செலுத்த முடியும். 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகளுக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், இம்மக்களுக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்பதற்காக வந்தது. எல்லோருக்குமான செலவில் ஒரு பங்கை எழுதிக்காட்டிக் கணக்கை முடிப்பதைவிட, இது நேரடியாகச் சென்றுசேரும் செலவு.

ஐந்தாவதாக, நாட்களின் கணக்கு. மருத்துவரிடம் வந்த நாள், திசு எடுத்த நாள், அறிக்கை கிடைத்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள், கண்டறியப்பட்ட நிலை ஆகிய ஐந்தையும் மாவட்டவாரியாகவும் சமூகப் பிரிவுவாரியாகவும் ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும்.

இவற்றைக் கேட்கக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் யார் வேண்டுமானாலும் தம் ஒன்றியத்தில் எத்தனை பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் மேலே அனுப்பப்பட்டனர், எத்தனை பேருக்குத் திசுப் பரிசோதனை முடிந்தது என்று கேட்கலாம். தனிநபர் விவரம் கேட்காமல் எண்களை மட்டும் கேட்டால், அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே உள்ள பள்ளம்தான் வழக்கின் முதல் சான்றாவணம்.

கிராம சபையும் இருக்கிறது. மேலூர் வட்டத்தில் உள்ள மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் அவரோடு பேருந்தில் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சியின் நாற்காலிக்கு இம்மண் கொடுத்த விலை அது. அந்த ஊராட்சியின் சபையில் சாலை, குடிநீர் ஆகியவற்றோடு, “எங்கள் குடியிருப்பில் மார்பகப் பரிசோதனைக்கு ஓர் அறை வேண்டும், அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை நாளில் அறிக்கை பெற்றார்கள் என்று சுகாதாரத் துறை இங்கே வந்து சொல்ல வேண்டும்” என்ற தீர்மானமும் எழுதப்படலாம். எழுதப்பட வேண்டும்.

நாங்கள் சந்தித்த பெண்ணுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. கோப்பை மூடும்போது அவர் எங்கள் தோழியிடம் கேட்டது தன்னைப் பற்றியன்று. பக்கத்து வீட்டில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் அன்று வாசலில் வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள், “அவளையாச்சும் யாராச்சும் ஒழுங்காப் பாப்பாகளா தாயி?” என்றார். அடுத்த வாரமே அந்தக் குடியிருப்புப் பெண்கள் பதினோரு பேரின் கையெழுத்தோடு, முறையான மறுபரிசோதனை கோரி ஒரு மனுவை எழுதினோம். பட்டா மனுக்களோடு அதுவும் சென்றிருக்கிறது. முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த படி நீதிமன்றம்.